காய்ச்சலுக்குப் பின் காது அடைத்தால்: நீரா, நரம்பா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

சளிக் காய்ச்சல் விட்ட கையோடு ஒரு காது அடைத்துக்கொண்டால், "நீர் கோத்திருக்கும், ரெண்டு நாளில் விட்டுடும்" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பேச்சு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உள்காதின் கேட்கும் திறன் திடீரென்று விழும்போதும் ஆளுக்குத் தெரிவது அதே அடைப்புதான். வலி இருக்காது, சீழ் வராது. காலையில் எழுந்தால் ஒரு பக்கம் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு இரைச்சல் ஓடும், அவ்வளவுதான். நீர் என்றால் காத்திருக்கலாம். நரம்பு, அதாவது உள்காது அல்லது செவி நரம்புக் கோளாறு என்றால் மருந்து நன்றாக வேலை செய்வது முதல் இரண்டு வாரம்தான், அதிலும் முதல் சில நாட்கள் பெரிது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டில் ஒரு நிமிடம் போதும். மருத்துவமனையில் அரை மணி நேரம் போதும்.

வைரஸ் எங்கே தாக்குகிறது

சாதாரணச் சளி வைரஸ்கள் மூக்கின் பின்பகுதியை வீங்க வைக்கின்றன. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அதனால் அடைபட, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. ஒலி உள்ளே போகும் வழி மட்டும் மங்குகிறது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இழப்பு பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபலுக்குள் நிற்கும். குழந்தைகளுக்கு இந்த நீர் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். ஆன்டிபயாடிக் அதை விரைவாக வற்ற வைப்பதில்லை. 3 மாதம் தாண்டியும் நீர் நின்றால், செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

உள்காது வேறு கதை. பொன்னுக்கு வீங்கி, தட்டம்மை, ருபெல்லா, அக்கி ஆகியவற்றின் வைரஸ்களும், சைட்டோமெகலோ வைரஸும் நத்தைச் சுருள் போன்ற காக்ளியாவையோ செவி நரம்பையோ நேரடியாகத் தொடக்கூடியவை. அங்கே ஒலியை மின்துடிப்பாக மாற்றும் மயிர்ச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. வீக்கம் மட்டும் என்றால் தணிந்ததும் கேட்கும் திறன் திரும்பலாம். செல் செத்துவிட்டால் திரும்பாது. மருந்தில் அவசரம் காட்டுவது இதனால்தான்.

வீட்டில் செய்யும் சோதனை

முதலில் காது நன்றாக இருக்கும் ஒருவர் இதைச் செய்து பழகட்டும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று கனத்த குரலில் ஐந்து விநாடி இழுக்க வேண்டும். அப்படியே வலது காதை விரலால் அடைத்தால், ஒலி முழுவதும் வலது பக்கம் ஓடி வந்துவிட்டது போலக் கேட்கும். எலும்பு வழியே காதுக் குழாய்க்குள் வரும் சொந்தக் குரல் வெளியே போக வழியில்லாததால் அந்தப் பக்கம் ஓங்குகிறது.

1. இப்போது அடைப்பு உள்ளவர், விரல் வைக்காமல், அதே "ம்ம்ம்" சொல்லட்டும். ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கு அல்லது நீர் என்று எண்ணலாம். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்பு பலவீனமாக இருக்கிறது. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அடுத்ததைச் செய்யுங்கள்.

2. ஒரே ஆளோடு போனில் பேசி, ஒலி அளவை மாற்றாமல், இரண்டு காதிலும் மாறி மாறிக் கேளுங்கள். நீர் என்றால் குரல் தாழ்ந்து கேட்கும், ஒலி அளவைக் கூட்டினால் சொல் தெளிவாகிவிடும். நரம்பு என்றால் கூட்டினாலும் சொல் குழறும்; குரல் ஓட்டை ஸ்பீக்கரில் வருவது போல இருக்கும். இரண்டு காதிலும் ஒரே குரல் வேறு வேறு சுருதியில் கேட்டாலும் நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

3. எப்போது தொடங்கியது என்று தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். கூடவே தலைசுற்றல் உண்டா, இரைச்சல் உண்டா, கடந்த இரண்டு வாரத்தில் என்ன காய்ச்சல், என்ன ஊசி, என்ன மாத்திரை என்பதையும் எழுதுங்கள். ஜென்டாமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளும் காதைக் கெடுக்கும். அவை பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துத் தாக்கும், மேல் சுருதியில் தொடங்கும். வைரஸ் மேல் போடும் பழி சில நேரம் இந்த ஊசிகளுக்குச் சேர வேண்டியது.

இந்த இடத்தில் பட்ஸ் போட்டுக் குடைவது, பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். நரம்புக் கோளாறுக்கு அது எதுவும் செய்யாது. போதாக்குறைக்கு, மருத்துவர் செவிப்பறையைப் பார்க்கவே எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

தலைசுற்றலோடு இரட்டையாகத் தெரிதல், நாக்குக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பிடிக்காமல் நிற்கவே முடியாத நிலை இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்காதுக்குப் போகும் ரத்தக்குழாய் சிறுமூளைக்குப் போகும் குழாயிலிருந்து பிரிவது. பக்கவாதமும் காதில் தொடங்கலாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது

பொது மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து "காது நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பும் இடத்தில்தான் நாட்கள் வீணாகின்றன. நரம்புக் கோளாறில் செவிப்பறை பளிச்சென்றுதான் இருக்கும். கேட்காத காதில் செவிப்பறை நன்றாகத் தெரிகிறது என்பதே கவலைப்பட வேண்டிய செய்தி. இன்னொரு பொறி காது அழுக்கு. அழுக்கு இருந்தது, எடுத்தார்கள், ஆனாலும் அடைப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) எடுக்க வேண்டும். "நாலு நாள் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம்" என்பதை ஏற்க வேண்டாம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது, செவித்திறன் சோதனை அறை மதியத்துக்கு மேல் கிடைக்காமல் போகலாம். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பார்; நீங்கள் வீட்டில் "ம்ம்ம்" சொல்லிப் பார்த்ததும் இதன் எளிய வடிவம்தான். பிறகு ஒலி புகாத அறையில் சுத்தத் தொனிச் சோதனை. பீப் சத்தம் எவ்வளவு மெலிதாக இருந்தாலும், சந்தேகமாக இருந்தாலும் பட்டனை அழுத்துங்கள். தெளிவாகக் கேட்கட்டும் என்று காத்திருப்பவர்களின் வரைபடம் உண்மையைவிட மோசமாக வரும்.

அந்தத் தாளைப் படிப்பது கடினமில்லை. மேலே வரிசையாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி, பக்கவாட்டில் டெசிபல். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். காற்று வழிக் கோடு இறங்கி, எலும்பு வழிக் குறிகள் மேலேயே நின்றால் நடுக்காதுக் கோளாறு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் உள்காது அல்லது நரம்பு. அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலுக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்குள் விழுந்திருந்தால் அதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்று வகைப்படுத்துவார்கள்.

ஒரு பக்க இழப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. கெட்ட காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் 40 டெசிபலுக்கு மேல் அது மண்டையோட்டைத் தாண்டி நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளி அங்கே கேட்டுவிட்டுப் பட்டனை அழுத்துவார். முழுக்கச் செத்த காதுகூட அப்போது பாதி கேட்பது போலத் தாளில் வரும். அதைத் தடுக்க நல்ல காதில் இரைச்சல் கொடுத்து மறைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். "நல்ல காதில் இரைச்சல் கொடுத்து எடுத்தீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. தாளின் நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் முன்னேற்றத்தை அளக்க அதுதான் அளவுகோல்.

எது வேண்டாம்? தலைக்கு சி.டி. ஸ்கேன் இதில் பெரிதாக உதவாது. வைரஸ் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைக் கட்டு ஒன்றும் எழுதித் தரப்படலாம். முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் அந்தப் பணத்தை எம்.ஆர்.ஐ.க்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்க நரம்பிழப்பில் எம்.ஆர்.ஐ. தேவை, செவி நரம்பில் வளரும் கட்டியும் இப்படித் திடீர் இழப்பாகத் தலைகாட்டுவதுண்டு. அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்; மருந்து முதலில், ஸ்கேன் அடுத்த சில வாரங்களில்.

ஸ்டீராய்டு: அளவில் கஞ்சத்தனம் கூடாது

பெரியவர்களுக்கு வழக்கமான முறை பிரட்னிசலோன், உடல் எடை கிலோவுக்கு 1 மி.கி., நாளொன்றுக்கு 60 மி.கி.க்கு மேல் போகாமல், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாக. 10 முதல் 14 நாள் கொடுத்துப் பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். 55 கிலோ ஆளுக்கு 10 மி.கி. மாத்திரை மூன்று நாள் என்பது சிகிச்சை ஆகாது. இழந்த நாட்கள்தான் மிச்சம். மருத்துவர் எழுதாமல் நீங்களாகத் தொடங்கவும் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது. காசநோய், மஞ்சள் காமாலை பி வகை, வயிற்றுப்புண், கண் அழுத்தம், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: காலையில் போடும் பிரட்னிசலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்னும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் செவிப்பறை வழியாக ஊசி போடும் வழி இருக்கிறது. செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, டெக்சாமெத்தசோன் மருந்தை அரை மில்லி அளவில் நடுக்காதில் செலுத்துவார்கள். காது மேலே இருக்கும்படி ஒருக்களித்து 20, 30 நிமிடம் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசுவதும் எச்சில் விழுங்குவதும் கூடாது, விழுங்கினால் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். மாத்திரை பலிக்காதவர்களுக்கும் 2 முதல் 6 வாரத்துக்குள் இதே ஊசியை அடுத்த வாய்ப்பாகத் தருவார்கள்.

ரத்த ஓட்டம் கூட்டும் மாத்திரை, விட்டமின் கலவை, வெறும் சந்தேகத்தின் பேரில் வைரஸ் கொல்லி மருந்து ஆகியவை இந்த நோயில் பயன் தருவதாக நிரூபணம் ஆகவில்லை. தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெராசின் போன்றவற்றை முதல் இரண்டு மூன்று நாளோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து போட்டால் மூளை புதிய சமநிலையைக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகும்.

மருந்து முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், 6 மாதத்துக்குள் இன்னொன்று. மருந்தில்லாமலே தேறுபவர்களும் கணிசம். முழுச் செவிட்டு நிலை, கூடவே கடும் தலைசுற்றல், வயது முதிர்வு, தாமதம் இவை இருந்தால் தேறும் வாய்ப்பு குறையும். தேறுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

காதில் அக்கி வந்தால்

சின்னம்மை வந்து போனவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் பல்லாண்டு உறங்கும். முக நரம்பின் முடிச்சில் விழித்துக்கொண்டால் காதுக்குள் கடும் வலி, காது மடலிலோ குழாயிலோ கொப்புளம், அந்தப் பக்க முகம் கோணல், கேட்கும் திறன் குறைவு, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வரும். ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1907-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

மேலே சொன்ன நோயில் பயனில்லை என்ற வைரஸ் கொல்லி இங்கே அவசியம். அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு 5 வேளை, 7 முதல் 10 நாள், கூடவே ஸ்டீராய்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முகம் பழையபடி திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 5 வேளை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்; காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

கொப்புளம் சில நேரம் முகக் கோணலுக்குப் பிறகுதான் வரும். எனவே முகம் இழுத்துக்கொண்டு காதும் வலிக்கும் எவருக்கும் காது மடலின் குழிவு, காதின் பின்புறம், அண்ணம், நாக்கு நான்கையும் வெளிச்சத்தில் தினமும் பாருங்கள். "அக்கி எழுதுவது" என்று செம்மண் குழைத்துப் பூசிவிட்டு மூன்று நாள் காத்திருந்தால் மருந்தின் காலம் அதிலேயே போய்விடும். மூடாத கண்ணைக் காப்பாற்றுவதும் அதே அளவு முக்கியம்: பகலில் மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு, இமையை மூடி மேலே காகித டேப். கொப்புளம் காயும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகில் வர வேண்டாம்.

பொன்னுக்கு வீங்கி

இலங்கையில் கூகைக்கட்டு என்பார்கள். கன்னத்தில் சொட்டு நீலம் தடவுவதும் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதும் தீங்கில்லை, பயனுமில்லை. வீக்கம் ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடியும். காதைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை என்பதுதான் குறை. இந்த வைரஸ் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், காக்ளியாவை ஒரே நாளில் அழித்துவிடும். ஜப்பானில் எடுத்த கணக்குப்படி ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளில் ஒருவருக்கு. இழப்பு கடுமையானது, நிரந்தரமானது. எந்தப் பக்கம் வீங்கியதோ அதே பக்கக் காதுதான் போகும் என்றில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காது போனால் அது சொல்லாது. மறு காதில் எல்லாம் கேட்பதால் வீட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. பல வருடம் கழித்து, போனை எப்போதும் ஒரே பக்கம் வைப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். காது போவது வீக்கத்துக்கு 4 நாள் முன்பிருந்து 18 நாள் பின்பு வரை நிகழலாம். ஆகவே வீங்கிய நாள் தொட்டு மூன்று வாரம், தினம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்:

பிள்ளைக்குப் பின்னால், ஒரு கை நீளத் தூரத்தில், உதட்டைப் பார்க்க முடியாதபடி நில்லுங்கள். சோதிக்காத காதின் முன்னால் இருக்கும் சிறு மடிப்பை இன்னொருவர் விரலால் அழுத்தி, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கட்டும். அந்தச் சரசரப்பு அந்தக் காதை மறைக்கும். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, மிச்சக் காற்றில் கிசுகிசுப்பாக மூன்று சொல் சொல்லுங்கள்: "பூனை, ஏழு, மாம்பழம்". பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் வேறு மூன்று சொல். ஆறில் மூன்று சரி என்றால் போதும். மூச்சை விடாமல் கிசுகிசுத்தால் குரல் உரத்துவிடும், சோதனை பொய்யாகும். தினமும் ஒரே சொற்களைச் சொன்னாலும் பிள்ளை மனப்பாடத்தில் ஒப்பித்துவிடும்.

தவறினால் அன்றே ஆடியோகிராம். பொன்னுக்கு வீங்கி அழித்த காதில் ஸ்டீராய்டு பெரிதாகப் பலன் தருவதில்லை என்பது உண்மை. ஆகவே இங்கே தடுப்பூசிதான் முழு மருந்து. இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் 9-12 மாதத்திலும் 16-24 மாதத்திலும் போடுவது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கு மட்டும். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. பிப்ரவரி 2017-ல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரை போட்ட பெருமுகாமிலும் இல்லை. 2024 தொடக்கத்தில் கேரளத்தில் ஆயிரக்கணக்கில் பரவியபோது இந்த ஓட்டை நன்றாகத் தெரிந்தது. மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டுமென்றால் தனியார் குழந்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். 9 மாதம், 15 மாதம், 4-6 வயது என மூன்று தவணை. இலங்கையில் அரசு அட்டவணையிலேயே 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். உண்டு.

நோய் வந்த பிள்ளையை வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

தட்டம்மையும் காது ஒழுக்கும்

தட்டம்மை இரண்டு வழியிலும் காதைக் கெடுக்கும், ஆனால் நம் ஊரில் அதிகம் பார்ப்பது நடுக்காதில் சீழ் கட்டுவதைத்தான். அம்மை இறங்கும்வரை மருத்துவரிடம் போகக் கூடாது என்ற வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் விலை உயர்ந்தது. சீழ் வந்தால் மெல்லிய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து, காய்ந்த திரி வைத்து, காது உலரும்வரை மாற்றுங்கள். நாளைக்கு மூன்று முறையாவது. தீக்குச்சி, ஊக்கு, எண்ணெய் எதுவும் கூடாது. தட்டம்மைப் பிள்ளைக்கு விட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை: 6 மாதத்துக்குக் கீழ் 50,000 அலகு, 6-11 மாதம் 1,00,000, ஒரு வயதுக்கு மேல் 2,00,000. அண்மையில் வேறு எங்காவது கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

கருவிலேயே வரும் இழப்பு

ருபெல்லா தாய்க்கு இலேசான தடிப்பும் காய்ச்சலுமாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் என்றால் கரு பாதிப்பிலிருந்து தப்புவது அரிது. 1941-ல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதை அப்படிப் பிறந்த குழந்தைகளின் கண் புரையை வைத்துக் கண்டுபிடித்தார். அந்தக் குழந்தைகளில் பலர் காது கேளாதவர்கள் என்பது அதன் பிறகே வெளிப்பட்டது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குத் தடுப்பூசி விவரம் தெரியவில்லை என்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம், போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் வேண்டாம். கர்ப்பமான பிறகு போடக் கூடாது.

சைட்டோமெகலோ வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. பிறவியிலேயே வரும் செவித்திறன் இழப்பில் மரபணு அல்லாத காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று முன்பே வந்திருக்கும், ஆனாலும் அது மறுபடி விழித்துக் கருவுக்குப் போகலாம். முதல் பிள்ளை ஒன்றிரண்டு வயதில் இருக்கும் கர்ப்பிணி, அதன் எச்சில் பட்ட கரண்டியில் சாப்பிட வேண்டாம், வாயில் முத்தம் வேண்டாம், சிறுநீர்த் துணி மாற்றியதும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். செய்யக்கூடியது இவ்வளவுதான்.

குழந்தை பிறந்ததும் ஓ.ஏ.இ. என்ற செவித்திறன் சோதனை கேளுங்கள், தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனை வைத்தால் சில நிமிடத்தில் முடியும். முதல் நாளிலேயே எடுத்தால் காதில் இருக்கும் நீரால் தவறலாம், அதில் பதற்றம் வேண்டாம். ஆனால் "ஆறு வாரத் தடுப்பூசிக்கு வரும்போது திரும்பப் பார்க்கலாம்" என்பதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் பிறவியிலேயே வந்ததா என்று சொல்ல, பிறந்த 21 நாளுக்குள் சிறுநீர் அல்லது எச்சில் எடுத்துப் பி.சி.ஆர். செய்ய வேண்டும். அதற்கு மேல் வைரஸ் தெரிந்தாலும் தாய்ப்பால் வழி வந்ததா, கருவில் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆகவே மறுசோதனையை இரண்டாவது வாரத்திலேயே வையுங்கள். மறுபடி தவறினால் அன்றே சிறுநீர் மாதிரி. எச்சில் எடுத்தால் பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுக்க வேண்டும். உறுதியானால் வால்கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் கொல்லி மருந்தை 6 மாதம் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே, அனுபவமுள்ள மருத்துவரின் கையில் மட்டும் செய்ய வேண்டியது அது.

சோதனையில் தேறிய குழந்தைக்கும் இந்த வைரஸ் பின்னால் காதைக் கெடுக்கும். தொற்று உறுதியான குழந்தைக்கு முதல் வருடம் 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை, 3 வயது வரை 6 மாதத்துக்கொரு முறை, 6 வயது வரை வருடத்துக்கொரு முறை சோதிக்க வேண்டும். தட்டைத் தட்டிப் பார்த்துத் திரும்புகிறது என்று நிம்மதியாக வேண்டாம்; பாத்திரச் சத்தத்துக்குப் பாதி செவிடான குழந்தையும் திரும்பும், ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பும்.

இரண்டு காதிலும் கடும் இழப்பு என்றால் 3 மாதத்துக்குள் பெரா சோதனையால் (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்துடிப்பை அளப்பது) உறுதி செய்து, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியா கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை கிடைக்கிறது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் விசாரித்தால் படிவமும் வழியும் சொல்வார்கள்.

ஒரு காது மட்டும் மிஞ்சினால்

ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே முதலில் போகும். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் இரண்டு பக்கக் கண்ணாடியையும் வைத்தே ஆக வேண்டும், சாலையைக் கடக்கும்போது ஹாரனை நம்பக் கூடாது. வகுப்பில் பிள்ளையை முன்வரிசையில், கெட்ட காது சுவர் பக்கமும் நல்ல காது ஆசிரியர் பக்கமும் வரும்படி உட்கார வையுங்கள். ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். கல்யாண வீட்டுக் கூச்சலில் சொல் பிரியாமல் போவது கவனக்குறைவு இல்லை என்று வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

கருவியில் மூன்று வழி. கெட்ட காதில் மைக்கை வைத்து ஒலியை நல்ல காதுக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் கிராஸ் வகை, எலும்பு வழி அனுப்புவது, காக்ளியா கருவி பொருத்துவது. முதல் இரண்டும் திசையைத் திருப்பித் தராது, அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்க வைக்கும். வாங்குமுன் ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். சந்தையில், பேருந்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நல்ல காதுக்கு இனி மாற்று இல்லை. பட்டாசு, லேத் பட்டறை, திருவிழா ஒலிபெருக்கி எல்லா இடத்திலும் அடைப்பான் போடுங்கள். ஜென்டாமைசின் வகை ஊசி எழுதும் எந்த மருத்துவரிடமும் "எனக்கு ஒரு காதுதான்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: கணக்கில் நல்ல காதுக்கு ஐந்து பங்கும் கெட்ட காதுக்கு ஒரு பங்கும்தான் மதிப்பு. ஒரு காது முழுதாகப் போனாலும், மற்றது சரியாக இருந்தால் 17 விழுக்காட்டுக்கு மேல் வராது. சலுகைகளுக்கு வேண்டியது 40.